மொட்டைக் கடிதம் கோழைத்தனமா?

நமது நாட்டில் "மொட்டைக் கடிதம்" என்ற பேச்சு வந்த உடனே முகத்தைச் சுளித்துக் கொள்ளுவது ஒரு பெரிய மனிதத் தன்மையாகக் கருதப்பட்டு வருகின்றது. "பெயர் போடத் தைரியமில்லாதவன் பேச்சை யார் மதிப்பது?" என்று உத்தியோகஸ்தர் கேட்கிறார். ஊரில் நாலு ஏக்கரும் இரண்டு லாரியும் வைத்திருக்கும் பெரிய தனக்காரரும் அதையே கேட்கிறார். ஆனால் இப்படிக் கேட்கிறவர்கள் யார் யார் என்று சற்றுக் கவனித்துப் பார்த்தோமானால் ஒரு சங்கதி நன்றாய் விளங்கும். அதாவது, யார் பேரில் அந்தக் கடிதம் எழுதப்படக் கூடுமோ அவர்களே இந்தத் தைரியப் பிரசங்கத்தை அதிகமாகச் செய்கின்றார்கள். அடிக்கிறவன் அடி வாங்குகிறவனைப் பார்த்து, "நேரில் வந்து சொல்லேன்" என்பது போலத்தான் இது இருக்கின்றது.

இப்பொழுது கடிதம் என்பது காகிதத்தை விட்டுக் கம்ப்யூட்டருக்கும் கைப்போனுக்கும் வந்துவிட்டது. மதுரை கே.கே. நகரில் ஜெராக்ஸ் கடைக்குப் போகிறவர் கூட மனுவை மின்னஞ்சலில் அனுப்புகின்ற காலம் இது. இந்த மின்னஞ்சலில் அனுப்புகிறவரைக் காட்டிக் கொடுக்கும் தலைப்பு வரிகளை நீக்கி, மொட்டையாக அனுப்ப வழி இருக்க வேண்டுமா வேண்டாமா என்பது இன்று உலகமெங்கும் பெரிய விவகாரமாக நடக்கின்றது. இது ஏதோ கம்ப்யூட்டர் படித்தவர்கள் சங்கதி என்று நம்மவர்கள் ஒதுங்கிவிடக் கூடாது. பெயர் தெரிந்தால் வேலை போகும், வீடு போகும், சில வேளை உயிரும் போகும் என்ற நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் நம்மவர்களேயானதால், இதைப் பற்றி நாம் யோசிக்க வேண்டியது அவசியமாகும்.

தலைப்பு என்பது என்ன?

காகிதத் தபாலில் உறையின் மேல் கட்டாயம் இருக்க வேண்டியது பெறுகிறவர் விலாசம் மாத்திரமே. அனுப்புகிறவர் பெயர் இல்லாவிட்டாலும் தபால்காரர் சாதாரணக் கடிதத்தைக் கொண்டு போய்க் கொடுத்து விடுகிறார். தபால் முத்திரையைப் பார்த்தால் எந்த ஊரில், எந்தத் தேதியில் போட்டது என்று தெரியும், அவ்வளவுதான். மதுரையில் ஒரு பெட்டியில் போட்டால், போட்டவர் பல லட்சம் பேரில் ஒருவர்.

மின்னஞ்சலின் யோக்கியதையோ வேறு. நாம் கண்ணால் பார்ப்பது "யாரிடமிருந்து, யாருக்கு, என்ன விஷயம்" என்கின்ற இரண்டு மூன்று வரிகள்தான். ஆனால் அதற்குப் பின்னால் நமக்குக் காட்டப்படாமல் இருபது முப்பது வரிகள் உட்கார்ந்து கொண்டிருக்கின்றன. "ஷோ ஒரிஜினல்" என்று ஒரு இடத்தைத் தொட்டால் அவ்வளவும் வெளியே வரும். கடிதம் எந்தெந்த சர்வர் வழியாகப் போகின்றதோ அந்தந்த சர்வர், "இன்ன இடத்திலிருந்து, இன்ன நேரத்தில், இன்ன வினாடியில் பெற்றுக் கொண்டேன்" என்று தன் வரியை மேலே மேலே எழுதிக் கொண்டே போகும். ஆகையால் கீழிருந்து மேலாகப் படித்தால் கடிதம் நடந்து வந்த பாதை தெரியும். அதன் அடி வரியில் பல சமயங்களில் அனுப்பியவருடைய இணைப்பின் எண் இருக்கும். அதற்கு ஐ.பி. எண் என்று பெயர். அந்த எண் அந்த வினாடியில் எந்த வீட்டுக்கு அல்லது எந்த ஆபீசுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது என்பது இணைப்புக் கொடுத்த கம்பெனியின் கணக்கில் இருக்கும். இது தவிர, கடிதத்துக்கு ஒரு தனி எண், எழுதப் பயன்படுத்திய மென்பொருளின் பெயர், எழுதியவர் கடிகாரம் எந்த நாட்டு நேரத்தைக் காட்டியது என்பது முதலியவைகளும் அந்த வரிகளில் இருக்கக் கூடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கண்ணுக்குத் தெரிகின்ற "யாரிடமிருந்து" என்ற வரியைப் பொய்யாக எழுதிவிட ஒரு போக்கிரிக்குப் பெரிய சிரமமில்லை. ஆனால் சூது தெரியாமல் உண்மையை எழுதுகிற ஏழைக் குமாஸ்தாவைக் கண்ணுக்குத் தெரியாத வரிகள் காட்டிக் கொடுத்து விடுகின்றன. அதாவது இந்த ஏற்பாடு போக்கிரிக்குத் திறந்த கதவாகவும், யோக்கியனுக்குக் கண்ணியாகவும் இருக்கின்றது.

தலைப்பைக் கிழிப்பது புதிதா?

பெயரை நீக்குவது அயோக்கியத்தனம் என்கிறவர்களை நாம் இரண்டு கேள்விகள் கேட்கின்றோம்.

முதலாவது, பரீட்சை விடைத்தாளில் பையன் எழுதிய பெயரையும் நம்பரையும் மறைத்து, வேறு டம்மி நம்பர் போட்டு, பிறகுதானே திருத்துகிறவர் கையில் கொடுக்கிறீர்கள், அது ஏன்? பெயரைப் பார்த்தால் ஜாதி தெரியும், மதம் தெரியும், ஆணா பெண்ணா என்று தெரியும், ஊரைப் பார்த்தால் மற்றதெல்லாம் தெரியும், தெரிந்தால் மார்க்கு கூடும் அல்லது குறையும் என்பதற்காகத்தானே? எழுதியவன் யார் என்பதை மறைத்தால்தான் எழுதியது என்ன என்பதற்கு மதிப்புக் கிடைக்கும் என்று பரீட்சைக்கு ஒப்புக் கொள்ளுகிற நீங்கள், மனுவுக்கு மாத்திரம் ஏன் ஒப்புக் கொள்ளக் கூடாது? ஒரு சேரித் தோழர், ரேஷன் கடையில் எடை குறைகிறது என்று எழுதினால், அவர் பெயரையும் தெருவையும் பார்த்த பிறகு அந்த எடையைப் பற்றி யார் பேசுகின்றார்கள்? "அந்தத் தெருக்காரனுக்கு இவ்வளவு வாயா?" என்பதல்லவா பேச்சாகி விடுகின்றது?

இரண்டாவது, ஓட்டுச் சீட்டு. சீட்டில் ஓட்டர் தன் கையெழுத்தையோ, தன்னைக் காட்டும் அடையாளத்தையோ போட்டு விட்டால் அந்த ஓட்டே செல்லாது என்பது 1961ஆம் வருஷத்துத் தேர்தல் விதி. இங்கிலாந்தில் ரகசிய ஓட்டுச் சட்டம் வந்தது 1872ல். அதற்கு முன் பகிரங்கமாகச் சொல்லித்தான் ஓட்டுப் போட வேண்டும்; பண்ணையார் நிற்கிற இடத்தில் குடியானவன் எப்படிச் சொல்லியிருப்பான் என்று நாம் விவரிக்க வேண்டியதில்லை. ரகசிய ஓட்டு என்றபோது, "ஆண்மையுள்ளவன் பகிரங்கமாகப் போடட்டுமே" என்று அங்கேயும் சிலர் பேசத்தான் பேசினார்கள். இன்று யாரும் ஓட்டுச் சாவடித் தட்டியைக் கோழைத்தனம் என்று சொல்லுவதில்லை. ஆகவே, பெயரற்றிருப்பது என்பது எளியவனுக்கும் வலியவனுக்கும் நடுவில் வைக்கும் ஒரு தட்டியேயொழிய வேறில்லை.

பெயரைக் கிழிக்காததன் பலன்

நிற்க, பெயரைக் கிழித்து வைக்கத் தவறியதன் பலனை இந்த நாடு ஒரு தடவை நன்றாகப் பார்த்திருக்கின்றது. சத்தியேந்திர துபே என்பவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இன்ஜினியர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் உத்தியோகம். தங்க நாற்கரச் சாலை வேலையில் நடக்கும் ஊழலைக் கண்டு 2002 நவம்பரில் பிரதம மந்திரிக்கே ஒரு கடிதம் எழுதினார். அவர் விபரம் தெரிந்தவர். ஆகையால் கடிதத்தில் தன் பெயரைப் போடாமல், தன்னைப் பற்றிய விவரங்களைத் தனியாக ஒரு தாளில் எழுதி, ரகசியத்துக்காகவே தனித்தாளில் வைத்திருப்பதாகவும் குறித்து அனுப்பினார். அதாவது தலைப்பைத் தானே கிழித்து, ஆனால் பொறுப்பைத் தட்டிக் கழிக்காமல், நம்பி ஒப்படைத்தார்.

ஆபீஸ்காரர்கள் என்ன செய்தார்கள்? கடிதத்தையும் தனித்தாளையும் சேர்த்து வைத்து ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு அனுப்பினார்கள். அது பல கைகள் மாறி, எந்த இலாகாவின் பேரில் புகாரோ அந்த இலாகாவுக்கே போய்ச் சேர்ந்தது. 2003 நவம்பர் 27ந் தேதி விடியுமுன் கயா நகரத்து வீதியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சி.பி.ஐ. விசாரித்து, 2010ல் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அது வழிப்பறிக் கொலை என்பது கோர்ட்டின் தீர்ப்பு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால், ரகசியமாக வை என்று ஒரு மனிதன் கேட்டுக் கொண்ட பெயரை, அவனுக்கு எதிரிகளாகக் கூடியவர்கள் மேஜையில் கொண்டு போய் வைத்தது எந்தக் கோர்ட்டுத் தீர்ப்பாலும் நியாயமாகி விடாது. அதில் யாதொரு குண்டரும் சம்பந்தப்படவில்லை. பேனாவும் ரப்பர் ஸ்டாம்பும் வைத்திருந்தவர்கள்தான் செய்தார்கள்.

சட்டத்தின் யோக்கியதை

அந்தக் கொலைக்குப் பிறகு தேசத்தில் எழுந்த கூச்சலாலும், சுப்ரீம் கோர்ட்டின் தூண்டுதலாலும், 2004 ஏப்ரலில் மத்திய சர்க்கார் ஒரு தீர்மானம் வெளியிட்டார்கள். அதன்படி மத்திய கண்காணிப்புக் கமிஷனுக்கு மூடிய உறையில் புகார் எழுதலாம். பெயரும் விலாசமும் கடிதத்தின் தலையிலோ, காலிலோ, தனித்தாளிலோ இருக்க வேண்டும். நடுவில் சொல்லும் விஷயத்தில் எழுதியவரைக் காட்டிக் கொடுக்கும் குறிப்பு ஒன்றும் இருக்கக் கூடாது. கமிஷன் பெயரை வெளியிடாமல் விஷயத்தை மாத்திரம் விசாரணைக்கு அனுப்பும். இது நல்ல ஏற்பாடுதான். மின்னஞ்சலில் தலைப்பை நீக்கி உடலை மாத்திரம் அனுப்புகின்ற அதே தத்துவந்தான். ஆனால் இது மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்கள், மத்திய ஸ்தாபனங்கள் சம்பந்தமான புகார்களுக்கு மாத்திரமே. தாலுகா ஆபீஸ், பத்திரப் பதிவு ஆபீஸ், கனிம வள இலாகா, போலீஸ் ஸ்டேஷன் ஆகிய நம் ஜனங்கள் தினந்தோறும் மோதிக்கொள்ளும் இடங்களெல்லாம் மாகாண சர்க்காரைச் சேர்ந்தவை. அங்கே இந்தக் குடை நீளாது.

பின்பு 2014ல் பார்லிமெண்டு, புகார் சொல்லுகிறவர்களைக் காப்பதற்கென்றே ஒரு சட்டம் செய்தது. அவ்வருஷம் மே மாதம் ராஷ்டிரபதி கையெழுத்தும் போட்டார். இத்தனை வருஷம் ஆகியும் அச்சட்டத்தை அமுலுக்குக் கொண்டு வரும் உத்தரவு போடப்படவில்லை. சட்டம் புஸ்தகத்தில் இருக்கின்றது. குடியானவன் வெளியில் நிற்கின்றான். அந்தச் சட்டத்திலும், பெயர் சொல்லாத புகாரின் மேல் நடவடிக்கை கிடையாது என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். பெயரில்லாத புகார்களைக் குப்பையில் போடு என்று கண்காணிப்புக் கமிஷனே 1999ல் உத்தரவு போட்டிருப்பதும் தெரிந்த விஷயமே.

நமது பக்கத்து நிலைமையை எடுத்துக் கொள்ளுவோம். மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் குவாரிகளில் நடந்த கொள்ளையைப் பற்றி அப்போது மதுரை கலெக்டராயிருந்த சகாயம் 2012ல் எழுதிய அறிக்கையில் சர்க்காருக்கு நஷ்டம் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்குச் சொல்லப்பட்டது. மலைகள் ஒரே இரவில் மறைந்துவிடவில்லை. கிராமத்தார் பார்த்துக் கொண்டுதான் இருந்தார்கள். கண்மாய் போனதும் வாய்க்கால் போனதும் அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் யார் திறந்தார்கள் என்று மறுநாள் காலையில் ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதும் தெரியும்.

அந்தப் பயம் வீண் பயமா? 2023 ஏப்ரலில் தூத்துக்குடி ஜில்லா முறப்பநாட்டுக் கிராம நிர்வாக அதிகாரி லூர்து பிரான்சிஸ், மணல் திருட்டைப் பற்றிப் போலீசில் புகார் கொடுத்த சில நாட்களுக்குள், பட்டப் பகலில் தம் ஆபீசிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஜனவரியில் புதுக்கோட்டை ஜில்லா திருமயத்துப் பக்கம் கல் குவாரி அக்கிரமங்களைப் பற்றி மனு மேல் மனுவாகக் கொடுத்து வந்த ஜகபர் அலி லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். ஒருவர் சர்க்கார் உத்தியோகஸ்தர். மற்றவர் கட்சிப் பிரமுகர். இவர்களுக்கே இந்தக் கதியானால், சர்க்கார் உத்தியோகமும் கட்சியும் இல்லாத ஒரு கூலிக்காரரைப் பார்த்துப் "பெயரைப் போடு" என்று சொல்லுவதற்கு என்ன அர்த்தம்? திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நிற்பதற்கே, ஊரில் யார் பார்ப்பார்களோ என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் இருக்கிறார்களே!

மற்ற நாட்டார் செய்தது

மேல் நாட்டார் இந்த விஷயத்தில் வெறும் உபதேசத்தோடு நிற்காமல் யந்திரமே செய்திருக்கிறார்கள். 1981ல் டேவிட் சௌம் என்ற அமெரிக்கர் ஒரு யுக்தி எழுதினார். கடிதத்தை ஒரு உறைக்குள் போட்டு, அதை இன்னொரு உறைக்குள், அதையும் மற்றொரு உறைக்குள் போட்டு மூட வேண்டியது. வழியிலுள்ள ஒவ்வொரு சர்வரும் மேலுறையை மாத்திரம் பிரித்து அடுத்த சர்வருக்கு அனுப்பும். யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போகிறது என்ற இரண்டும் ஒருங்கே ஒருவருக்கும் தெரியாது. அதோடு, வந்த வரிசையிலேயே அனுப்பாமல் பல கடிதங்களைச் சேர்த்துக் கலைத்து அனுப்பும். இந்த மாதிரி உரிக்க உரிக்க உறையாகவே இருக்கும் ஏற்பாட்டுக்குப் பின்னால் வந்தவர்கள் "வெங்காயம்" என்றே பெயர் வைத்தார்கள். நமது கூட்டங்களுக்கு வருகிறவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல!

ஆனால் இந்த முழு யுக்தியும் பழக்கத்துக்கு வருமுன், பின்லாந்து தேசத்தில் யோஹான் ஹெல்சிங்கியஸ் என்பவர் 1993ல் சுலபமான ஒரு தபால் நிலையம் நடத்தினார். அவருக்கு அனுப்பினால் தலைப்பு வரிகளையெல்லாம் நீக்கி, பெயருக்குப் பதில் ஒரு நம்பர் போட்டு, சேர வேண்டியவருக்கு அனுப்பி விடுவார். பல லட்சம் பேர் உபயோகித்தார்கள். ஆனால் எந்த நம்பர் யாருடையது என்ற கணக்குப் புஸ்தகம் அவரிடமே இருந்தது. 1995ல் சயண்டாலஜி என்னும் ஒரு மத ஸ்தாபனத்தார், தங்கள் ரகசியத்தை வெளியிட்டவன் யார் என்று கேட்டுப் போலீஸ் மூலம் ஒரு பெயரை வாங்கி விட்டார்கள். அடுத்த வருஷம் அவர் அந்த நிலையத்தையே மூடிவிட்டார். தங்கள் கடவுளிடம் எல்லா வல்லமையும் இருப்பதாகச் சொல்லும் நம் நாட்டு மதக்காரர்களைப் போலவே, அங்கேயும் மதக்காரர்களுக்குக் கேள்வி கேட்டவனுடைய விலாசந்தான் தேவையாயிருந்தது என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். இதில் படிக்க வேண்டிய பாடம், ஒரு நல்லவரை நம்புவது வேறு, ஏற்பாட்டை நம்புவது வேறு என்பதாகும். நல்லவர் கையிலிருக்கும் புஸ்தகமும் ஒரு நாள் பறிக்கப்படும். இல்லாத புஸ்தகத்தை யாரும் பறிக்க முடியாது.

நமது சர்க்கார் போகும் வழியோ இதற்கு நேர் எதிர். பெயர் மறைத்து இணைப்புக் கொடுக்கும் வி.பி.என். கம்பெனிகள் வாடிக்கைக்காரர் பெயர், விலாசம், எண் எல்லாவற்றையும் ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டார்கள். சாமானியர் பெயருக்குக் கணக்கு வைக்கக் காட்டும் அவசரத்தில் பத்தில் ஒரு பங்கு, 2014ஆம் வருஷத்துச் சட்டத்துக்குக் காட்டியிருந்தால் நாம் இதை எழுத வேண்டியதே இல்லை.

ஆக்ஷேபணைகளுக்குப் பதில்

"அப்படியானால் வெடிகுண்டு மிரட்டல் அனுப்புகிறவனையும் விட்டுவிடலாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிக்கூடங்களுக்குப் பொய் மிரட்டல் வந்து, தாய்மார்கள் பதறிக்கொண்டு ஓடினது உண்மை. பெங்களூரில் ஒரு கம்பெனியின் பெண் ஊழியரைப் பற்றி ஆபாசக் கடிதங்கள் வந்ததன் பேரில், 2025 ஏப்ரலில் கர்நாடக ஹைகோர்ட், புரோட்டான் மெயில் என்னும் சுவிட்சர்லாந்து தபால் ஸ்தாபனத்தையே இந்தியாவில் தடுக்க நடவடிக்கை எடுக்கச் சொன்னதும் உண்மை. மிரட்டுகிறவனையும், பெண்களை இழிவுபடுத்துகிறவனையும் கண்டுபிடித்துத் தண்டிக்க வேண்டும் என்பதில் நமக்கு ஆக்ஷேபணை கிடையாது. ஆனால் ஒருவன் இருட்டில் திருடினான் என்பதற்காக ஊரில் உள்ள எல்லா வீட்டுக் கதவையும் கழற்றிக் கொண்டு போகலாமா? அதே புரோட்டான் ஸ்தாபனம் 2021ல் தன் நாட்டு அதிகாரிகளின் சட்டபூர்வமான உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, பிரான்சு தேசத்துக் கிளர்ச்சிக்காரர் ஒருவருடைய இணைப்பு எண்ணைக் கொடுத்திருக்கின்றது. அந்தக் கிளர்ச்சிக்காரர் மீது நடவடிக்கை எடுத்தது சரியா என்பது வேறு விஷயம். குறிப்பிட்ட ஒருவரைப் பிடிக்கச் சட்ட வழி இல்லாமல் போகவில்லை என்பதற்காக இதைச் சொன்னோம்.

"மொட்டைக் கடிதத்தில் பொய்யும் இருக்குமே?" என்பார்கள். இருக்கும். கையெழுத்துப் போட்ட கடிதத்தில் பொய் இல்லையா? ரிஜிஸ்டர் செய்த பத்திரத்திலேயே பொய் இருக்கின்றதே! புராணங்களுக்கு ரிஷிகள் பெயர் போட்டிருப்பதால் அவை உண்மையாகி விட்டனவா? சொன்னவர் பெயரைப் பார்த்து நம்புவது பக்தன் வேலை. சொன்னதைச் சோதித்துப் பார்ப்பது பகுத்தறிவுள்ளவன் வேலை. "இன்ன சர்வே நம்பரில், இன்ன தேதியில், இத்தனை லோடு மணல் போயிற்று, இதோ போட்டோ" என்று ஒரு கடிதம் சொன்னால், போய்ப் பள்ளத்தைப் பார்க்க வேண்டியதுதானே? பள்ளத்துக்குக் கையெழுத்து எதற்கு?

அதே சமயத்தில் நம்மவர்களுக்கும் ஒன்று சொல்லுகிறோம். பெண் பார்த்துப் போன வீட்டுக்குப் பெயரில்லாமல் எழுதிக் கல்யாணத்தைக் கெடுப்பதும், "இதை இருபது பேருக்கு அனுப்பாவிட்டால் குடும்பத்துக்குக் கேடு வரும்" என்று சாமி பேரால் மிரட்டி அன்று தபால் கார்டிலும் இன்று வாட்ஸ்அப்பிலும் சுற்றி விடுவதும் நாம் ஆதரிக்கும் மொட்டைக் கடிதமல்ல. வலியவன் அக்கிரமத்தை எளியவன் சொல்ல உதவுவதே பெயரற்றிருக்கும் உரிமையின் நோக்கம். தனி மனிதர் வாழ்வில் சேறு பூச அதை உபயோகிப்பது வெறும் அயோக்கியத்தனமேயாகும்.

எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

இனி, எழுதத் துணிகிறவர்கள் சில காரியங்களை மறக்கக் கூடாது. ஆபீஸ் கம்ப்யூட்டரிலோ, ஆபீஸ் இணைப்பிலோ எழுதக் கூடாது. சொந்தப் போன் நம்பரைக் கொடுத்துத் திறந்த புது விலாசம் புது விலாசமாகாது. கதவில் வேறு பெயர் எழுதிய பழைய வீடேயாகும். கைப்போனில் எடுத்த போட்டோவுக்குள் எடுத்த இடம், நேரம், போனின் ரகம் எல்லாம் பதிந்திருக்கக் கூடும். வேர்டு கோப்பில் எழுதியவர் பெயர் தானாகவே ஒட்டிக் கொண்டிருக்கக் கூடும். அவைகளை நீக்கியே அனுப்ப வேண்டும். தலைப்பை நீக்கி விட்டால் மாத்திரம் போதாது; அஞ்சல் கம்பெனியின் கணக்கில் நம் எண் தங்கியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடிதத்தின் உள்ளேயே நம்மைக் காட்டிக் கொடுக்கும் பேச்சு இருக்கக் கூடாது. மூன்று பேருக்கு மாத்திரம் தெரிந்த சங்கதியை எழுதி விட்டுப் பெயரை மறைத்து என்ன பிரயோஜனம்?

கடிதத்தைப் பெறுகிறவர்களுக்குப் பொறுப்பு இன்னும் அதிகம். பத்திரிகைக்காரராயினும், சங்கத் தலைவராயினும், வக்கீலாயினும், வந்ததை வந்தபடியே மற்றவருக்குத் தள்ளிவிடுவது மகா பாதகம். விஷயத்தை மாத்திரம் புதிதாக எழுதியோ தட்டச்சு செய்தோ அனுப்ப வேண்டும். துபேயின் தனித்தாளைக் கடிதத்தோடு சேர்த்துக் குத்திய குண்டூசியை ஒவ்வொருவரும் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமல்ல. 2014ஆம் வருஷத்துச் சட்டத்தை அமுலுக்குக் கொண்டு வர வேண்டும். மாகாண சர்க்கார் இலாகாக்கள் மீது ரகசியமாய்ப் புகார் செய்ய, தமிழ்நாட்டிலேயே ஒரு தனி அதிகாரியை ஏற்படுத்த வேண்டும். எந்த ஆபீசிலும் புகார் கீழே போகுமுன் பெயரும் தலைப்பும் நீக்கப்பட வேண்டும். நீக்காமல் அனுப்பிய குமாஸ்தாவானாலும் காரியதரிசியானாலும் தண்டிக்கப்பட வேண்டும். ஆதாரமுள்ள புகாரைப் பெயரில்லை என்பதற்காகத் தள்ளக் கூடாது. அனுப்பியவரைத் தேடுவது கோர்ட்டு உத்தரவின் பேரில் மாத்திரமே நடக்க வேண்டும். மாகாணத்தில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் எந்தக் கட்சிக்காரரானாலும், இவைகளில் எதை ஒப்புக் கொள்ளுகிறார், எதை மறுக்கிறார் என்று பொது ஜனங்கள் கேட்க வேண்டும்.

எல்லோரும் பயமின்றித் தன் பெயரைச் சொல்லிக் குற்றம் சொல்லக்கூடிய காலம் வர வேண்டும் என்பதே நமது ஆசையும். அந்தக் காலம் வரும் வரையில், சொல்லுகிறவன் உயிரோடிருந்தால்தான் சொல்ல முடியும் என்பதை மறந்து தைரியத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்ய யாருக்கும் யோக்கியதை கிடையாது என்று சொல்லி முடிக்கின்றோம்.